எச்.ஐ.வி.யும் உதவியும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) பல ஆண்டுகள் ஆற்றுப்படுத்துநராக இருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. சென்னையில்தானே தொடங்கியது? (சேலம் வாசகர்)

தொடங்கியது என்று சொல்லாதீர்கள், கண்டறியப்பட்டது என்று சொல்லுங்கள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். தேடியவர்கள் இங்கே இருந்தார்கள், அதனால் இங்கே தெரியவந்தது.

இப்போது நிலைமை எப்படி? நாமக்கல் என்றாலே இன்னும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்களே.

லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் வந்த அந்தப் பார்வை பழைய கணக்கு. 2001 வாக்கில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடம் செய்த கணிப்பில் நூறில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. இப்போது ஏறக்குறைய ஐந்நூறில் ஒருவர். நாட்டிலேயே விகிதம் மிக அதிகமாக இருப்பது மிசோரத்தில். பெரியவர்களில் நூறில் இருவருக்கும் மேல். போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வது அங்கே ஒரு பெரிய காரணம். லாரி ஓட்டுநரை மட்டும் சந்தேகித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கொசு கடித்தால் பரவுமா?

பரவாது. முப்பது ஆண்டுகளாக இதே பதில்தான்!

எனக்குத் தொற்று உண்டு. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம் என்ற சகோதரி)

பெற்றுக்கொள்ளலாம் அம்மா. சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூறில் 15 முதல் 45 வரை. கூட்டு மருந்தை (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் பல மருந்துகளின் சேர்க்கை) ஒழுங்காக எடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும். கர்ப்பமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். திட்டமிடும்போதே மையத்தில் பேசிவிடுங்கள்.

மகளின் பிறந்தநாளுக்கு எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட விரும்புகிறோம். படம் எடுக்கலாமா?

சாப்பாடு போடுங்கள், படம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது. கேக்கின் முன் நிற்கும் பத்து வயதுப் பையனின் முகம் உங்கள் உறவினர்களின் கைப்பேசிகளுக்கெல்லாம் போய்விட்டால், பிறகு அவன் பள்ளியில் என்ன நடக்கும்? இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறந்தநாள் விருந்துகள் ஞாயிற்றுக்கிழமைகளில் குவிகின்றன. செவ்வாய்க்கிழமைக்கு முட்டையும் பயறும் வேண்டும், ஜூன் மாதத்தில் கல்விக் கட்டணம் வேண்டும். இல்லத்தாரிடம் எது தேவை என்று முதலில் கேளுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழக அரசே 2009-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தது. அதன் உதவி பற்றி மாவட்ட மையத்தில் விசாரிக்கலாம்.

மருந்துதான் இலவசமாயிற்றே, பண உதவி எதற்கு? (மதுரை வாசகர்)

நியாயமான சந்தேகம். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை அப்போதே அதில் இருந்தது. ஆனால் மருந்து வாங்கப் போகும் வழி இலவசமில்லை. எங்கள் மையத்துக்கு ஒரு பெண் வருவார். சொந்த மாவட்டத்திலேயே மையம் இருந்தும், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று இரண்டு மாவட்டம் தாண்டி வருவார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் இருக்கலாம், தொலைதூரப் பேருந்தில் கட்டணம் உண்டு. அன்றைய கூலியும் போய்விடும். மாத்திரை பாட்டிலை வாங்கியதும் மேலே ஒட்டிய சீட்டை நகத்தால் சுரண்டி எடுப்பார். பிறகு மூடியைத் திறந்து உள்ளே பஞ்சை அடைப்பார். பஸ்ஸில் குலுங்கும்போது சத்தம் கேட்கக்கூடாதல்லவா? அவருக்கு ஒருமுறை நாங்கள் திரட்டிக் கொடுத்தது பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும்தான். உறையின் மேல் எதுவும் எழுதவில்லை. அடுத்த முறை, குறித்த தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே வந்து நின்றார்.