நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர் பம்ப் வாங்கலாமா?

"வயது 54. சோமனூரில் தறி ஓட்டுகிறேன். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைக்க மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஆணுறுப்பு விறைப்பு நிலைப்பதில்லை. ஆன்லைனில் விற்கும் வேக்குவம் பம்ப் வாங்கலாமுங்களா? இல்லை, கோயமுத்தூர் போய் ஷாக்வேவ் எடுக்கட்டுமா?"

பம்ப் வாங்கலாமுங்க. விறைப்பு மாத்திரை உங்களுக்கு ஆகாது. உங்கள் நாக்கடி மாத்திரை நைட்ரேட், ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து. அதோடு வயாக்ராவில் இருக்கும் சில்டெனாபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்து. விறைப்புக்கென்று விற்கும் லேகியமும் வேண்டாம், அதில் சில்டெனாபிலைச் சொல்லாமல் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மோட்டார் காற்றை இழுத்தால் பைப்பில் தண்ணீர் ஏறுமே, அதே கணக்குதான். உருளைக்குள் காற்றைக் குறைத்தால் ரத்தம் வந்து நிரம்பும். அடியில் ரப்பர் வளையத்தை இறக்கிவிட்டால் திரும்பாது. இதைப் பரவலாக்கியவர் அமெரிக்காவில் டயர் தொழில் செய்த கெடிங்ஸ் ஆஸ்பன். தன் குறைக்காகத் தானே செய்துகொண்டார். 1982-ல் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

வாங்கும்போது, இழுப்பு அளவு மீறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மலிவுச் சரக்கில் தோலடியில் ரத்தம் கட்டும். ஸ்டென்டுக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவீர்கள், அதனால் இதய டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். இரண்டு மாடி உயரப் படிக்கட்டை மூச்சிரைக்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முதல் சில நாள் வளையம் இல்லாமல் பழகுங்கள். அடியில் முடியைக் கத்தரித்தால்தான் காற்று கசியாது. தண்ணீரில் கரையும் ஜெல் தடவுங்கள்; நம்மூர் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள், ரப்பர் இளகிவிடும். நாலு இழுப்பு இழுத்து நிறுத்தி, மறுபடி இழுங்கள். அவசரப்பட்டால் வலிக்கும். வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றியே ஆகணும். சர்க்கரையில் உணர்ச்சி மங்கியிருந்தால் வலி தெரியாது, கடிகாரத்தைத்தான் நம்பணும். அதோடு தூங்கிவிடவே கூடாது.

ஷாக்வேவ் என்பது உறுப்பில் அதிர்வலை பாய்ச்சும் சிகிச்சை. அதை அமெரிக்க யூராலஜி (சிறுநீர், ஆணுறுப்பு மருத்துவம்) சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் ஆய்வு நிலைச் சிகிச்சை என்றே வைத்திருக்கிறது. 'ஒரேயடியாகச் சரியாகும்' என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

வளையம் போட்ட பிறகு உறுப்பு கொஞ்சம் நீலம் பாரித்து, தொட்டால் சில்லென்று இருக்கும், அடியில் ஆடும். விந்து வெளியே வராமலும் போகலாம். இதையெல்லாம் வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்டியை மோட்டார் ரூமில் ஒளித்து வைத்து, நேரத்துக்கு எடுக்க முடியாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்பைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள யூராலஜி டாக்டரிடம் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்க.