ஏற்பிச் சோதனையில் 'நெகட்டிவ்' வந்தால் போதுமா?

கேள்வி: பிவிசிக்குத் தாலேட்டுக்குப் பதிலாக ஒரு புதிய பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளையும்படி இளக்கும் பொருள்) தயாரித்திருக்கிறோம். ஈஸ்ட்ரோஜன், ஆண்ட்ரோஜன் ஏற்பிச் சோதனை இரண்டிலும் நெகட்டிவ். 'ஹார்மோன் பாதிப்பு இல்லாதது' என்று அட்டையில் போடலாமா?

பதில்: போடக் கூடாது. ஏற்பி என்பது செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்; பொருள் அங்கே ஒட்டி வேலை செய்கிறதா என்று மட்டுமே அந்தச் சோதனை பார்க்கும். நீங்கள் ஒதுக்க நினைக்கும் டிஇஹெச்பி தாலேட்டையே பாருங்கள். அது ஆண்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு கெடுப்பதில்லை. கருவிலுள்ள ஆண் எலியின் விரையில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியைக் குறைக்கிறது. ஏற்பிச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அதுவும் தேறியிருக்கும்.

முதலில் கையிலுள்ள அறிக்கையைத் துருவுங்கள். பிளாஸ்டிசைசர் எண்ணெய்ப்பசை உள்ளது. செல் வளரும் ஊடகத்தில் சரியாகக் கரையாமல் சோதனைத் தட்டின் குழிச்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளக்காவிட்டால் அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை. டிஇஹெச்பி உடலுக்குள் உடைந்து உண்டாகும் மோனோஎஸ்டர் என்ற துண்டுதான் வேலையைக் காட்டுகிறது. ஆகவே உங்கள் பொருள் உடைந்தால் வருவதையும் தனியே சோதியுங்கள். பொருள் சேர்க்காத குழிகளின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். எதுவும் சேர்க்காத மார்பகப் புற்றுசெல்கள்கூடப் பெருகுவதைக் கண்டதாக 1991இல் சோட்டோ, சொனன்ஷைன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த, ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் நோனைல்ஃபீனால்தான் காரணம்.

அடுத்தது ஓஇசிடி 456; பொருள் ஹார்மோன் உற்பத்தியை மாற்றுகிறதா என்று செல்லில் பார்க்கும் சர்வதேசச் சோதனை நெறிமுறை இது. ஹெச்295ஆர் என்ற மனித அட்ரீனல் புற்றுசெல்லை 24 குழித் தட்டில் ஒரு நாள் படியவிட்டு, 48 மணி நேரம் பொருளில் வைத்து, ஊடகத்தில் டெஸ்டோஸ்டிரோனையும் எஸ்ட்ரடையோலையும் அளப்பார்கள். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் பொருள்களில் ஃபோர்ஸ்கோலின் ஹார்மோனைக் கூட்ட வேண்டும், ப்ரோகுளோராஸ் குறைக்க வேண்டும். இல்லையேல் அந்தத் தடவை செய்த சோதனை செல்லாது. செல் உயிர்ப்பு 80 சதவீதத்துக்குக் கீழே போன செறிவுகளை விட்டுவிடுங்கள். செத்த செல்லும் ஹார்மோன் சுரக்காது. அதைப் பாதிப்பென்று எண்ணி ஏமாறுவது சகஜம்.

ஆனாலும் அட்ரீனல் செல் கருவின் விரைக்கு ஈடாகாது. சினை எலிக்கு 14 முதல் 18ஆம் நாள் வரை உங்கள் பொருளைக் கொடுத்து, 18ஆம் நாள் கருவின் விரையை எடுத்து 3 மணி நேரம் ஊடகத்தில் வைத்து, சுரந்த டெஸ்டோஸ்டிரோனை அளக்கச் சொல்லுங்கள். ஒப்பிட டிஇஹெச்பி கொடுத்த குழு ஒன்று கட்டாயம் வேண்டும். இதில் குறைவு தெரிந்தால் அந்த மூலக்கூறையே கைவிடுங்கள்.

தெரியாவிட்டால்தான் செலவு அதிகமான ஓஇசிடி 443, அதாவது தாய் எலிக்கும் குட்டிகளுக்கும் பொருளைக் கொடுத்து இனப்பெருக்கப் பாதிப்பைப் பார்க்கும் நீண்ட சோதனை. அதில் ஆண் குட்டியின் குதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரத்தை உடல் எடையின் கனமூலத்தோடு சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் மெலிந்த குட்டியெல்லாம் பாதிக்கப்பட்டதாகத் தோன்றும். சோயா குறைந்த தீவனம் கேளுங்கள்; சோயாவிலேயே ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருக்கிறது.

அறிக்கை வந்தபின் அட்டையில் செய்த சோதனைகளின் பெயரை மட்டும் போடுங்கள்.