சீனாவில் அரசு நினைத்தால் ஒரே வாரத்தில் ஊரையே இடித்துப் புது நகரம் கட்டிவிடுமாமே, உண்மையா?

புல்லட் ரயிலையும் வானுயரக் கட்டடங்களையும் காட்டும் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, நம்ம ஊரில் ஒரு மேம்பாலம் முடிய இத்தனை வருஷமா என்ற கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஷென்சென் நகரில் எலக்ட்ரானிக் பாகங்கள் கொள்முதல் செய்யும் வேலையில் இருந்தவன் நான். ஒரே வாரமெல்லாம் இல்லை, வருஷக்கணக்கில் இழுக்கும்.

நான் குடியிருந்த இடம் பைஷிசோவ். சுற்றிலும் நகரம் வளர்ந்ததில் வயல்கள் போய், வீட்டுமனைகள் மட்டும் பழைய கிராமத்தார் கையில் தங்கிய பகுதி. அதில் ஏழெட்டு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஜன்னல் வழியே கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையை எடுத்துவிடலாம். சுமார் 2,500 கட்டடங்கள், ஒன்றரை லட்சம் பேர். பெரும்பாலும் வெளி மாகாணத்துக்காரர்கள்.

இதை இடிக்க அரசு புல்டோசருடன் வந்து நிற்கவில்லை. கட்டுமான நிறுவனம் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் பேரம் பேசிக் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. 2007 சொத்துரிமைச் சட்டத்துக்குப் பிறகு வீட்டுக்காரர்களுக்கும் தெம்பு வந்துவிட்டது. பிடிவாதக்காரர்களைச் சமாளிக்க ஷென்சென் 2021-இல்தான் விதி போட்டது: 95 சதவீதம் பேர் சம்மதித்தால் மிச்சமுள்ளவர்களின் வீட்டை அரசு கையகப்படுத்தலாம்.

ஆனால் இந்தப் பேச்சுவார்த்தை எதிலும் வாடகைக்காரன் கிடையாது. 2019-இல் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கீழே நூடுல்ஸ் கடை வைத்திருந்த ஹுனான் அக்காவுக்குக் கடையைவிட மகனின் பள்ளிக்கூடம்தான் கவலை. அந்த ஊரில் ஹுக்கோவ், அதாவது குடிப்பதிவு, இல்லாதவர்கள் பிள்ளையைச் சேர்க்க வாடகை ஒப்பந்தம் காட்டவேண்டும். வீடு போனால் பள்ளியும் தூரமாகிவிடும். கிராமத்தின் பொதுச் சொத்தைக் கவனிக்கும் பங்கு நிறுவனத்தில் பழைய குடும்பங்களுக்கு மட்டும்தான் ஓட்டு. சொத்துரிமை, ஓட்டு என்று அங்கே நடந்த சீர்திருத்தமெல்லாம் சொத்து உள்ளவன் வாசல்வரைதான் வந்தது. இதைத்தான் யாரும் வீடியோவில் காட்டுவதில்லை.

சீனாவுக்கு ஜால்ரா என்று கமெண்டில் திட்டக் கிளம்புகிறவர்களுக்கு: கட்டாய இடிப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அடியாள் வைத்து மிரட்டியது, கரண்டை வெட்டியது எல்லாம் நடந்திருக்கிறது. அதனால்தான் 2011-இல் நகர நிலத்துக்குப் புது விதி கொண்டுவந்து, இனி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வலுக்கட்டாயமாக இடிக்கக்கூடாது என்றார்கள். கிராமக் கூட்டு நிலம் அந்த விதிக்குள் வரவில்லை. நிலத்தின் பயன்பாட்டு உரிமையை விற்றுத்தான் உள்ளூர் அரசுகள் கஜானாவில் பெரும்பங்கை நிரப்பி வந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.