சாரம் பிரிக்கும் நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்றிகளின் உணவுக்குழாயைச் செயற்கைச் சாரம் (திசு வளரும்வரை தாங்கி நிற்கும் குழாய்) வைத்து மறுபடி வளர்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். புற்றுநோயால் என் அண்ணனின் உணவுக்குழாயை அகற்றி, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் போதாதா? பன்றியில் முடிந்தது மனிதர்களுக்கு ஏன் இன்னும் வரவில்லை?

கே.

அன்புள்ள கே.,

சிறிது சிறிதாகச் சாப்பிட்டு, தலைமாட்டை உயர்த்தி உறங்கும் ஒருவர் இருக்கிற வீட்டிலிருந்து வரும் கேள்வி இது. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது.

உணவுக்குழாய் வெறும் வழி அல்ல. ஒரு மிடறு தண்ணீரையும் அதன் தசைகள் மேலிருந்து கீழாகச் சுருங்கித் தள்ளுகின்றன. பிளாஸ்டிக் தள்ளாது, திசுவோடு ஒட்டவும் ஒட்டாது. தையல் விட்டால் எச்சில் நெஞ்சுக்கூட்டுக்குள் கசியும். அது உயிருக்கே ஆபத்து.

கட்டட வேலையில் சாரம் கட்டுவார்கள், சுவர் நின்றதும் பிரித்துவிடுவார்கள். 2018இல் வெளியான பன்றி ஆய்விலும் நடந்தது அதுதான். முடியைவிட மெல்லிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் இழைகளால் ஆன குழாயின் மேல், அதே பன்றியின் கொழுப்பிலிருந்து எடுத்த குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை) வளர்த்து, வெட்டிய இடத்தில் பொருத்தினார்கள். சுமார் மூன்று வாரத்தில் எண்டோஸ்கோப் (வாய்வழியே விடும் கேமரா கருவி) மூலம் குழாயை வெளியே எடுத்துவிட்டார்கள். அது உடலோடு சேரவே இல்லை. இடைவெளியை நிரப்பியது பன்றியின் சொந்தத் திசு. மாதங்கள் செல்லச் செல்ல அதில் உட்படலமும் ரத்தநாளங்களும் தசையும் உருவாயின.

சாரத்தை என்றைக்குப் பிரிப்பது? 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கொலாஜன் என்ற புரதம் போர்த்திய சிலிக்கோன் குழாயை நாய்களில் 5 செ.மீ. இடைவெளிக்கு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு, மூன்று வாரங்களில் குழாயை எடுத்த நாய்களுக்கு வழி சுருங்கி, விழுங்கவே முடியாமல் போனது. நான்கு வாரம் விட்டு எடுத்தவை நன்றாகச் சாப்பிட்டன. ஒரே ஒரு வாரம்! அந்த நாய்கள் பட்டினியில் வாடியதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தை வேறெந்த வழியிலும் அன்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மனிதர்களுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டீர்கள். 2018 ஆய்வில் இருந்தவை எட்டுப் பன்றிகள். எதற்கும் புற்றுநோய் இல்லை, கதிர்வீச்சால் கருகிய திசுவும் இல்லை. நான்கு கால் விலங்கின் உணவு கிடைமட்டமாகப் போகிறது, நமக்கு நெட்டுக்குத்தாக இறங்குகிறது. அலையலையாகத் தள்ளும் இயக்கம் புதிய குழாயில் முழுமையாகத் திரும்புவதும் இன்னும் கைகூடவில்லை.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் உண்டு. 2011இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் பாவ்லோ மாக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், போதிய விலங்குச் சோதனை இல்லாமலே செயற்கை மூச்சுக்குழாய்களை மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கினார். ஸ்வீடனில் அப்படிப் பொருத்தப்பட்ட மூவரும் இறந்தார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. உங்கள் அண்ணனை அந்த வரிசையில் நிறுத்த நான் விரும்பமாட்டேன்.

இப்போதைக்கு ஒன்று. அவருக்கு உணவு தொண்டைக்குக் கீழே அடைபடுவதுபோல் இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க விடாதீர்கள். தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். பெரும்பாலும் அதைப் பலூன் வைத்து விரித்துவிட முடியும். அறுவை செய்த மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.