அறுகம்பைக் கச்சேரிக்கு எதை உடுத்துவது?

அன்பின் அக்கா,

ஓகஸ்ட் மாதத்தில் அறுகம்பைக் கடற்கரையில் நடக்கவிருக்கும் ரொக் இசைநிகழ்ச்சி ஒன்றுக்கு நானும் தம்பியும் என்னோடு வேலை செய்யும் தோழிகள் இருவரும் போகவிருக்கிறோம். பிற்பகல் நான்கு மணிக்கு வாசலைத் திறப்பார்கள், நள்ளிரவு வரை நடக்கும், இருக்கைகள் கிடையாது என்று நுழைவுச்சீட்டில் போட்டிருக்கிறது. கோயில் திருவிழாக்களில் வரும் இசைக்குழுக்களைத் தவிர நான் நேரில் எதையும் பார்த்ததில்லை. கறுப்பு ரீசேர்ட்டும் ஜீன்ஸும் இல்லாமல் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிறாள் ஒரு தோழி. கல்முனைக் கடையொன்றில் அப்படி ஒரு ரீசேர்ட் பார்த்தேன். ஆனால் அதில் பெயர் போட்டிருக்கும் இசைக்குழுவின் ஒரு பாட்டைக்கூட நான் கேட்டதில்லை. அதைப் போட்டுக்கொண்டு போவது பொய்யாகாதா? அம்மாவோ சல்வாரோடு போ என்கிறார். தம்பி எங்கேயோ ஒரு கறுத்தத் தோல் ஜக்கெற்றை இரவல் வாங்கி வைத்திருக்கிறான். உடுப்பைப் பற்றி ஒரு கடிதமா என்று நினைக்காமல் பதில் எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

தம்பியின் ஜக்கெற்றிலிருந்தே தொடங்குகிறேன். நியூயோர்க்கில் ஷொட் என்ற நிறுவனம் 1928இல் அந்த வகை ஜக்கெற்றைத் தைத்தபோது அதற்கும் இசைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகிறவரின் நெஞ்சில் குளிர்காற்று அடிக்காமலும், விழுந்தால் உடம்பு உரஞ்சுப்படாமலும் காப்பதற்காகச் செய்யப்பட்ட உடுப்பு அது. ஜீன்ஸின் கதையும் இதுவேதான். ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லிவாய் ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் 1873இல் காப்புரிமை பெற்றது, கடும் உழைப்பாளிகளின் காற்சட்டைப் பைகள் மூலையில் கிழியாமலிருக்கச் செப்பு ஆணி அறையும் முறைக்கு. ரீசேர்ட்டோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்குச் சீருடைக்கு உள்ளே அணியக் கொடுத்த பெனியன். 1990களின் தொடக்கத்தில் சியாற்றில் நகரத்து இசைக்குழுக்கள் கட்டம்போட்ட தடித்த பிளனல் சேர்ட்டுகளோடு மேடையேறியதற்கும் பெரிய தத்துவம் தேவையில்லை. மழையும் குளிரும் மரம்வெட்டும் தொழிலும் உள்ள அந்தப் பிரதேசத்தில் மலிவாகக் கிடைத்த சட்டை அதுதான். அதே தோற்றத்தை 1992இல் மார்க் ஜேக்கப்ஸ், பெரி எலிஸ் நிறுவனத்துக்காக விலையுயர்ந்த ஆடைத்தொகுதியாக்கி நியூயோர்க்கில் காட்டினார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த வேலை நிலைக்கவில்லை.

ஆக, ரொக் உடுப்பு என்று உங்கள் தோழி சொல்வதெல்லாம் ஏதோ ஓர் ஊரின் வேலைக்கும் காலநிலைக்கும் தைத்த உடுப்பே. அந்த ஊர்க்காரர் தம்மிடம் இருந்ததை உடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். நாமோ அந்த ஊரின் குளிரை விட்டுவிட்டு, குளிருக்குத் தைத்ததை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, அறுகம்பை இருக்கும் பொத்துவிலில் ஓகஸ்ட் மாதத்தில் வியர்த்து நிற்கிறோம். உங்கள் ஊரின் காற்றுக்கும் மணலுக்கும் பொருந்தியதை உடுத்துக்கொண்டு போவதுதான் இந்த இசையின் பழக்கத்துக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம்.

கறுப்புக் கட்டாயம் என்பதும் அவ்வளவு பழைய சட்டம் அல்ல. தோலும் உலோகக் குமிழ்களும் ரொக்கின் ஒரு வகையான ஹெவி மெற்றல் இசையின் சீருடைபோல ஆனது, 1970களின் கடைசியில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ற் குழு அந்தக் கோலத்தில் மேடையேறிய பிறகுதான். அது உங்கள் அம்மாவைவிடப் பெரிதாக மூத்த வழக்கமாக இருக்காது. 1985ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி, வெம்பிளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் பட்டப்பகலில் குயீன் குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரி பாட வந்தது வெள்ளைக் கையில்லாப் பெனியனும் வெளிர்நீல ஜீன்ஸும் அணிந்து. ஏசி/டிசி குழுவின் கிற்றார் கலைஞர் அங்கஸ் யங் அரை நூற்றாண்டாகப் பள்ளிக்கூடச் சீருடையில், அரைக்காற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, மேடையில் துள்ளிக்கொண்டிருக்கிறார். அந்த யோசனையைக் கொடுத்தவர் அவருடைய அக்கா மார்கிரட். (உங்கள் தம்பி தன் பாடசாலைக் காலத்து வெள்ளைக் காற்சட்டையைத் தேடத் தொடங்கினால் அந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன்.)

இவ்வளவும் சொன்னபின், கறுப்பு உங்களுக்குப் பிடித்தால் தாராளமாக அணியுங்கள். கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் துணியின் நிறத்தைவிட அதன் தொளதொளப்பு முக்கியம். பாலைவனத்தில் வாழும் பெதுவின் மக்கள் ஏன் கறுத்த அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, தளர்ந்த அங்கி கறுப்பாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும் உடம்பைச் சேரும் வெப்பம் ஒன்றேதான் என்று கண்டது. கறுப்புத் துணி கூடுதலாக உறிஞ்சுவதை, துணிக்கும் தோலுக்கும் இடையில் ஓடும் காற்று எடுத்துச் சென்றுவிடுகிறது. ஆகவே கறுப்பென்றால் ஓர் அளவு பெரிதாக, உடம்பில் ஒட்டாததாக எடுங்கள். நான்கு மணிக்கு வாசலில் வரிசையில் நிற்பதென்றால் இரண்டு மணிநேர வெயில் உங்களுக்கு இருக்கிறது. தரை வழியாகக் கொதித்து வரும் கச்சான் காற்று எப்படியிருக்கும் என்று களுவாஞ்சிக்குடிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறரைக்குப் பிறகு நிறம் எதுவானாலும் ஒன்றுதான், அப்போது உங்களை வேகவைப்பது சூரியனல்ல, நாலாபுறமும் நெருக்கி நிற்கும் சனம்.

துணி பருத்தியாக இருக்கட்டும். உங்கள் பஸ் எப்படியும் மருதமுனையைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே கைத்தறித் துணியில் மேற்சட்டைக்கு அளவாக வாங்கி, உங்கள் தையற்காரரிடம் கொடுத்து, அரைக்கையும் சற்று அகலமான கழுத்துமாகத் தைப்பித்துக்கொள்ளுங்கள். நெசவில் காற்றுப் புகும் இடைவெளி உள்ள அந்தத் துணி, கடையில் பார்த்த ரீசேர்ட்டைவிட உங்களுக்குச் சுகமாக இருக்கும். நெஞ்சு முழுவதும் தடித்த அச்சுப் போட்ட ரீசேர்ட்டில் அந்த அச்சு விழுந்த இடத்தினூடாக வியர்வை வெளியேறாது. பொலியெஸ்ரர் கலந்ததாக இருந்தால் ஒன்பது மணிக்கு மேல் உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கும் அது தெரியவரும். கைத்தறிச் சட்டையோடு போனால் திரும்பிப் பார்க்கமாட்டார்களா என்றால், சிலர் பார்ப்பார்கள்; எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பதற்காக இருக்கும்.

இனி, அந்த ரீசேர்ட் பொய்யாகாதா என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். எங்கள் மட்டக்களப்புக் கூத்தில் உடுப்பு ஆடுபவருக்கு உரியது. வடமோடி என்ற கூத்துவகையில் கரப்புடுப்பு என்ற விரிந்த ஆடையும் முடியும் அணிந்து ஆடுகளமான களரிக்கு வருகிறவரை, பாயும் போர்வையும் கொண்டுவந்து விடியும்வரை இருக்கும் சனம் தன் அன்றாட உடுப்பிலேயே இருந்து பார்க்கும். பார்ப்பவர் வேடம் கட்டுவதில்லை. ரொக் இசையில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. பார்க்க வருபவரும் தனக்குப் பிடித்த குழுவின் பெயரை நெஞ்சில் சுமந்து வருகிறார். முன்பின் அறியாத ஒருவர் அதைப் பார்த்து, இந்தக் குழுவின் எந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்கும் என்று பேச்சுக் கொடுப்பார். அந்த உடுப்பின் வேலையே அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பதுதான். அதனால், கேட்காத குழுவின் பெயரைச் சுமப்பது பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பேச்சு வந்தால் நீங்கள் விழிக்க நேரும். ராமோன்ஸ் என்ற நியூயோர்க் குழுவுக்கு ஆர்த்துரோ வேகா என்ற ஓவியர் அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையைத் தழுவி வரைந்த கழுகுச் சின்னம், அந்தக் குழுவின் ஒரு பாட்டையும் கேளாத இலட்சக்கணக்கானோரின் சட்டைகளில் உலகம் முழுவதும் இருக்கிறது. அவர்களை எவரும் சிறையில் போடவில்லை. இருந்தாலும் என் அபிப்பிராயம் இது: கடைக்குப் போகுமுன் அந்தக் குழுவின் இரண்டு மூன்று பாட்டுகளைக் கேளுங்கள். பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் அது தொங்கும் இடத்திலேயே தொங்கட்டும். இதைவிட நல்லது, நிகழ்ச்சியிலேயே பாடும் குழு தன் ரீசேர்ட்டை விற்றால் அங்கே வாங்குவது. நம் நாட்டில் ரொக் வாசிக்கிறவர்களுக்குப் பாட்டு விற்றுக் கிடைப்பதைவிட ரீசேர்ட் விற்றுக் கிடைப்பது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், அதோடு நீங்கள் கேட்ட இசையின் பெயரையே நீங்கள் அணிவீர்கள்.

எந்தப் படம் அச்சிட்டது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இந்த வகை ரீசேர்ட்டுகளில் மண்டையோடு, தலைகீழ்ச் சிலுவை, தெய்வ உருவங்கள், உறுமும் மிருகங்கள் என்று எல்லாம் வரும். இசை கேட்கும் கூட்டத்துக்குள் அவற்றை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள், ஆனால் நீங்கள் நீண்ட தூரம் பஸ்ஸில் போய்த் திரும்ப வேண்டியவர். 2019 மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு பெண், அணிந்திருந்த உடுப்பில் இருந்த கப்பற் சுக்கான் சக்கரத்தைத் தர்மச் சக்கரம் என்று கருதியதால் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2014இல் கையில் புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவரை விமான நிலையத்தில் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். இவை நியாயமா என்பது வேறு விவாதம். ஒரு பாட்டுக் கேட்கப் போகும் நாளில் அந்த விவாதத்தை உங்கள் சட்டையில் சுமந்து செல்ல வேண்டாம். இராணுவத்தினர் அணிவது போன்ற பச்சைத் திட்டுத் துணியையும், புலிமுகம் போட்ட சட்டையையும் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மாமார் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள்.

அம்மா சொன்ன சல்வார் அப்படியொன்றும் பிழையான யோசனை அல்ல. தளர்ந்த பருத்திச் சல்வார் ஓகஸ்ட் மாதத்தில் எந்த ஜீன்ஸையும்விட மேல்; கடற்கரை நுளம்புக்கும் அது பாதுகாப்பு. அதில் தொல்லை துப்பட்டா மட்டும்தான். நெரிசலில் யாராவது அதன் நுனியை மிதித்தால் கழுத்து இழுபடும், ஆகவே அதைப் பையில் வையுங்கள், திரும்பும்போது வியர்த்த உடம்பில் இரவுக்காற்றுப் படாமல் போர்த்திக்கொள்ள உதவும். மேற்சட்டை முழங்காலுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் துள்ளுவதற்கும் வசதி. அறுகம்பையில் அலைச்சறுக்கப் பருவம் சித்திரை தொடங்கி ஐப்பசி வரை என்பதால் உங்களைச் சுற்றி நீச்சலுடையிலும் நிற்பார்கள், சல்வாரைப் பார்த்து வியக்க அங்கே எவருக்கும் நேரம் இராது. அக்கரைப்பற்றிலோ பொத்துவிலிலோ இறங்கி ஒரு தேநீர்க் கடைக்குள் போக நேர்ந்தாலும் உடுப்பைப் பற்றி யோசிக்காமல் போகலாம் என்பது அதற்குக் கூடுதல் நன்மை. ஜீன்ஸ்தான் வேண்டும் என்றால், பலமுறை தோய்த்து மெலிந்துபோன பழையதை எடுங்கள். புதிய ஜீன்ஸ் வியர்வையில் நனைந்தால் விடியும்வரை காயாது.

உடுப்பைவிடக் காலைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். பாட்டா செருப்போடு போகாதீர்கள்; முதல் துள்ளலிலேயே ஒன்று மணலுக்குள் போய்விடும், பிறகு அதைத் தேடக் குனியவும் முடியாது. வெறுங்காலும் வேண்டாம், இருட்டில் உடைந்த போத்தல் கண்ணுக்குத் தெரியாது. கால்விரலை மூடிய, கயிறு கட்டும் கன்வஸ் சப்பாத்து, அதுவும் ஏற்கெனவே அணிந்து பழகியது, போதுமானது. மணல் புகும்தான், புகுந்தால் தட்டிக்கொள்ளலாம், மற்றவரின் சப்பாத்து உங்கள் பெருவிரலில் ஏறினால் தட்டிக்கொள்ள முடியாது. தலைமயிரை இறுக்கிப் பின்னுங்கள், தொங்கும் சிமிக்கியையும் தங்கச் சங்கிலியையும் வீட்டில் வையுங்கள். பணமும் போனும் தோளுக்குக் குறுக்கே மாட்டி முன்பக்கம் வரும் சின்னப் பையில் இருக்கட்டும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோனால் திரும்பும் பயணம் வேறு மாதிரி இருக்கும்.

அணிய வேண்டியவற்றில் எவரும் உங்களுக்குச் சொல்லியிராத ஒன்று காதுக்கானது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நியமம், இத்தகைய நிகழ்ச்சிகளின் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டுகிறதா என்று அறுகம்பை மணலில் யாரும் அளந்துகொண்டு நிற்கப்போவதில்லை. மருந்துக்கடைகளில் மென்மையான நுரையால் செய்த காதடைப்பான் சோடியாக விற்கிறார்கள். விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதை மேல்நோக்கிச் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால், அது உள்ளே விரிந்து பொருந்தும். வெறும் பஞ்சை வைப்பதால் பெரிதாகப் பயன் இல்லை. பாட்டு கேட்காமல் போகும் என்று அஞ்ச வேண்டாம், ஒலி தணிந்து வருமே தவிர நின்றுவிடாது. அடுத்த நாள் காலையில் காதுக்குள் இரைச்சல் இல்லாமல் வேலைக்கும் போகலாம். தம்பி இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வான். அவனுக்கும் ஒரு சோடி வாங்கி உங்கள் பையில் வைத்திருங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் கால்மணிநேரம் நின்றபின் அவனே வந்து கேட்பான், அநேகமாக ஜக்கெற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
அக்கா