ஒரே வாளியில் ஊறும் துணி

கேள்வி: என் கணவர் 6 வருடமாக ஒரு பேட்டரி கம்பெனியில், ஈயத் தட்டு வார்க்கிற பிரிவில் இருக்கிறார். ஒரு வருடமாக மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். வந்தால் லேசில் விடுவதில்லை. கம்பெனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து "லெட் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார்களாம், ஈயத்தைத்தான் சொல்கிறார்கள். எதிர்ப்பு சக்திக்குக் கசாயம், லேகியம் ஏதாவது சொல்லுங்கள். எனக்கும் ஓய்வே இல்லை. அவர் யூனிஃபார்மை உதறி, 3 வயது மகளின் துணியோடு ஒரே வாளியில் ஊறப்போட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்ற வைக்கிறேன்.
- பெயர் வேண்டாம், வில்லியனூர்

பதில்: கசாயம் கிடக்கட்டும். அந்த வாளிக்கு வருவோம்.

எங்கே நின்று உதறுகிறீர்கள்? பிள்ளை சொப்பு வைத்து விளையாடுகிற பின்கட்டிலா? சாம்பல் நிறத்தில் பறக்கிறதே, அது ரோட்டுப் புழுதி இல்லை அம்மா, ஈயத் தூள். தரையில் படியும், அவள் கையில் ஒட்டும், அந்தக் கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போகிற ஈயத்தில் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கைக் குழந்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே ஈயத்துக்குக் கிடையாது. ஒரு பிடி சோப்புத் தூளை மிச்சம் பிடிக்கவா இந்த வேலை?

"ஈயச் சொம்பு ரசம் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லலாம். அந்தச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம்.

அவர் விஷயம். கிருமியைக் கண்டதும் ஓட வேண்டிய வெள்ளணுக்கள் ஈயம் ஏறிய தொழிலாளிகளிடம் மந்தமாக நகர்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தியில், நுழைந்த கிருமியை எதிர்க்கிற பக்கம் தணிந்து, அலர்ஜியைக் கிளப்புகிற பக்கம் ஓங்கவும் செய்யலாம். அவருடைய சளிக்கு ஈயம்தான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் தினமும் உள்ளே போவது நிற்காமல் எந்த லேகியமும் உதவாது. பெயர் தெரியாத பற்பம், அதாவது புடம் போட்ட மருந்துப் பொடி, அதன் பக்கமே போகாதீர்கள், சிலவற்றில் ஈயமே இருக்கிறது.

"கொஞ்சம்" என்றால் எவ்வளவு? கம்பெனி சொன்னதாம், இவர் தலையாட்டிவிட்டு வந்தாராம்! எண்ணை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதல் பெயராக இருந்தது ஈய நச்சுதான். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிலும் அது தொழில் நோய். கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார் என்று வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் அடக்கம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்றவர் கேட்டே ஆக வேண்டும்.

மகளுக்கும் உங்களுக்கும் இந்த வாரமே ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். உள்ளே போவது நின்றால், ரத்தத்தில் இருக்கிற ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் போய் உட்கார்ந்தது வருடக்கணக்கில் இருக்கும், கர்ப்ப காலத்தில் திரும்ப ரத்தத்துக்கு வரும்.

யூனிஃபார்ம் இனி வீட்டுக்கே வரக் கூடாது. கம்பெனியிலேயே குளித்து, துணி மாற்றி, செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற வீட்டில் இதைச் செய்ய வேண்டியவர் தகப்பன், நீங்கள் இல்லை. கம்பெனி துவைக்க ஏற்பாடு செய்யும் வரை அவர் துணியை அவரே தனியாகத் துவைக்கட்டும். உதறாமல், அப்படியே தண்ணீரில் முக்கி. வீட்டைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

அந்தப் பழைய வாளி இனி அவர் யூனிஃபார்முக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், அங்கேயும் குழந்தை இருக்கும்.