பதிவேடு எழுதுகிறவரே லீவு போட்டால்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி போனது, திரும்பி எவ்வளவு வந்தது, சேதாரம் எவ்வளவு என்று பார்க்கிற டாட்நெட் புரோகிராம், திரையில் தெரியாமல் பின்னணியில் விண்டோஸ் சர்வீஸாக ஓடுகிறது. நடப்பதை வரிவரியாகப் பதிய, அதாவது லாக் எழுத, லாக்4நெட் என்ற லைப்ரரி வைத்திருக்கிறேன். என் லேப்டாப்பில் ஒழுங்காக எழுதியது. பட்டறை கம்ப்யூட்டரில் போட்டதும் லாக் ஃபைலே உருவாகவில்லை, எரரும் இல்லை, புரோகிராம் பாட்டுக்கு ஓடுகிறது. எங்கே போய்த் தேடுவது?
— வாசகர், சேலம்

பதில்: எரர் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? லாக்4நெட் அநேகமாகக் கத்தியிருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை. பட்டறையில் வருகைப் பதிவேடு எழுதுகிறவரே லீவு போட்டால் அந்த லீவை யார் எழுதுவது? எல்லா லாக் லைப்ரரிக்கும் இதே சங்கடம் உண்டு, தன்னால் எழுத முடியவில்லை என்பதைச் சொல்ல அதற்கு வேறு ஓர் இடம் வேண்டும். லாக்4நெட் அதைக் கன்சோலிலும் (எழுத்துகள் ஓடும் கட்டளைத் திரை) டாட்நெட்டின் ட்ரேஸிலும் (கோளாறு தேட உதவும் செய்திகள் போகிற தடம்) சொல்கிறது. சர்வீஸாக ஓடும்போது கன்சோலைப் பார்க்க வழியில்லை, ட்ரேஸை நீங்கள் எங்கும் பிடித்து வைக்கவில்லை, அப்புறம் எப்படித் தெரியும்?

புரோகிராம் விழாமல் ஓடுவதும் தற்செயல் இல்லை. லாக்4நெட்டின் சொந்த ஆவணமே தன்னை நம்பகமான லாக் முறை என்று சொல்லிக்கொள்ளாது. முடிந்தவரை எழுதும், முடியாவிட்டால் தான் நின்றுகொள்ளும், உங்கள் புரோகிராமைக் கவிழ்க்காது. வெள்ளிக் கணக்கு நிற்பதைவிட லாக் நிற்பது மேல் என்பதால் எனக்கு இது சரி என்றே படுகிறது.

லாக்4நெட் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்க, செய்ய வேண்டியது இரண்டு. முதலில் புரோகிராமின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஆப்செட்டிங்ஸ் பகுதிக்குள் ‘லாக்4நெட்.இன்டர்னல்.டீபக்’ என்ற கீயைச் சேர்த்து மதிப்பை ட்ரூ என்று வையுங்கள் (ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், எழுத்து பிசகக் கூடாது). லாக்4நெட் பகுதியின் தலையிலேயே டீபக் ட்ரூ என்று போடுவதும் உண்டு, ஆனால் அந்தப் பகுதியைப் படித்த பிறகுதான் அது வேலை செய்யும், படிப்பதிலேயே கோளாறு என்றால் பிரயோஜனமில்லை. அடுத்ததுதான் பலரும் விட்டுவிடுவது: அதே ஃபைலில் சிஸ்டம்.டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் ட்ரேஸில் வருவதை ஃபைலில் எழுதும் டெக்ஸ்ட்ரைட்டர்ட்ரேஸ்லிசனர் ஒன்றை வைத்து ஒரு ஃபைலின் பெயரைக் கொடுங்கள், வந்ததை உடனுக்குடன் எழுத ஆட்டோஃப்ளஷ்ஷை ட்ரூ ஆக்குங்கள். அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் சர்வீஸ் எந்த விண்டோஸ் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு எழுத அனுமதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் காலிதான்.

லேப்டாப்பில் ஓடியது என்கிறீர்கள், எனவே நீங்கள் எழுதிய புரோகிராமை விடுங்கள், என் சந்தேகம் இரண்டு இடத்தில். லாக்4நெட்டுக்குத் தனி கான்ஃபிக் ஃபைல் வைத்திருந்தால் அது எக்ஸியோடு சேர்ந்து வந்ததா? ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்ற செய்தியை லாக்4நெட் எரராகக்கூடச் சொல்லாது, டீபக் வரியாகத்தான் முணுமுணுக்கும், எந்தப் பாதையில் தேடியது என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். இல்லையென்றால் அனுமதி: ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முயன்று மறுக்கப்பட்டிருக்கலாம். இதில் ஒரு வில்லங்கம், ஒவ்வொரு அப்பெண்டரும் (லாக் வரியை ஃபைல் போன்ற இடத்தில் கொண்டுபோய் எழுதும் பகுதி) முதல் தவறை மட்டும்தான் சொல்லும், அதன் பிறகு வாயைத் திறக்காது. ஆகவே அமைப்பை மாற்றிவிட்டு சர்வீஸை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள், ட்ரேஸ் ஃபைலை மேலிருந்து படியுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவு புரோகிராம், ஜாவாவில். லாக் எழுதும் லைப்ரரி லாக்பேக், அதன் கான்ஃபிக்கில் டீபக் ட்ரூ போட்டேன். என் டீபக் வரிகள் வரவில்லை, சம்பந்தமில்லாத ஏதேதோ கொட்டுகிறது!
— வாசகி, ஏற்காடு

பதில்: கொட்டுகிறதே, அது லாக்பேக் தன்னைப் பற்றிச் சொல்வது: எந்த ஃபைலைப் படித்தது, எந்த அப்பெண்டரை உருவாக்கியது என்று. கான்ஃபிகரேஷன் என்ற வேர் உறுப்பில் போடும் டீபக்குக்கும் உங்கள் லாக் மட்டத்துக்கும் (எவ்வளவு நுணுக்கமான வரிகள் வரை எழுதுவது என்ற லெவல்) உறவே இல்லை, பெயர் மட்டும் ஒன்று. உங்கள் வரிகள் வேண்டுமானால் ரூட்டின் லெவலையோ உங்கள் பேக்கேஜுக்கான லாகரின் லெவலையோ டீபக் ஆக்குங்கள், வேர் உறுப்பில் போட்டதை எடுத்துவிடுங்கள். கான்ஃபிக்கைப் படிக்கும்போது எச்சரிக்கையோ தவறோ இருந்தால் லாக்பேக் கேட்காமலே அச்சடித்துவிடும். நாளைக்கு லாக்4ஜே 2 என்ற இன்னொரு ஜாவா லாக் லைப்ரரி பக்கம் போனால் அங்கே இதே வேலைக்கு ஜாவா கட்டளையில் லாக்4ஜே2.டீபக் என்ற ப்ராபர்ட்டியைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: லாக் லைப்ரரி தன்னைப் பற்றியே சொல்லும் இந்த உள் டீபக்கை எப்போதுமே போட்டு வைத்தால் என்ன?
— வாசகர், ஓமலூர்

பதில்: போட்டு வைத்தேன், ஒரு வாடிக்கையாளர் இடத்தில், மறந்துபோய். நான் மேலே சொன்ன அந்த ட்ரேஸ் ஃபைல் தானாகப் பழசைக் கழிக்காது, அடியில் சேர்த்துக்கொண்டே போகும். டிஸ்க்கில் இடமில்லை என்று அவர்கள் போன் செய்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.